தவளைக் குடலில் ஒரு சாட்சி

சீடன்: ஐயா, தவளையின் மலக்குடலில் வாழும் ஓபலைனாவுக்கு வாயே கிடையாது. உடற்பரப்பாலேயே உணவை உறிஞ்சுகிறது. தவளைக்குப் பெரிய தீங்கும் செய்வதில்லை. இந்த ஒற்றைச்செல் உயிரி கண்டங்களின் வரலாற்றைச் சொல்லும் என்றால் எப்படி நம்புவது?

குரு: அமெரிக்க விலங்கியலாளர் மேனார்டு மெட்காஃப் 1923-ல் வெளியிட்ட பெருநூலில் அப்படித்தான் வாதிட்டார். 1925-ல் டென்னசியில் பரிணாமம் கற்பித்த ஆசிரியர் மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்னவரும் இவரே. ஓபலைனா குடும்பத்தை அவர் நான்கு பேரினங்களாக வகுத்தார். உட்கரு இரண்டு, உடல் உருளை என்றால் புரோட்டோஓபலைனா. உடல் தட்டை என்றால் ஸெல்லெரியெல்லா. உட்கரு பலவாக இருந்தால் உருளை செபிடியா, தட்டை ஓபலைனா. அருங்காட்சியகத் தவளைகளின் குடலைத் திறந்து பார்த்தபோது தென்னமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஸெல்லெரியெல்லா இருந்தது. ஆகவே அவ்விரு நிலத்துத் தவளைகளும் உறவினங்கள், அண்டார்க்டிகா வழியாகப் பரவியவை என்றார்.

சீடன்: ஆனால் தவளை இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில் இந்த ஒட்டுண்ணிகள் உறைகட்டி, மலத்தோடு நீரில் விழுகின்றன. அந்தக் குளத்தின் எந்தத் தலைப்பிரட்டையும் விழுங்கலாமே. மனிதரே 1935-ல் கரும்புத் தேரையை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகவில்லையா? இடம் மாறும் ஒட்டுண்ணி எப்படிச் சாட்சியாகும்?

குரு: தேரை போனது அவர் நூல் வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. குளத்து வாதமும் பாதிதான் செல்லும். ஒரே குளத்தில் உள்ள இரு தவளையினங்களிடம் ஒரே உயிரி இருப்பதை அது விளக்கும். கடலுக்கு அப்பால் இருப்பதை விளக்காது. அங்கே தவளைதான் அதைச் சுமந்து போயிருக்க வேண்டும். உவர்நீரைத் தவளை பெரும்பாலும் தாங்காது என்பதால் நிலவழி தேவை. நீ கேட்காமல் விட்டதுதான் கடினமான கேள்வி: இரு கண்டங்களிலும் இருந்தவை ஒரே பேரினம் என்பதற்கு என்ன ஆதாரம்? உடல் தட்டையாவதும் உட்கரு பெருகுவதும் தனித்தனியே பலமுறை நிகழக்கூடியவை. உருவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் குடும்பமே உதாரணம். மேலெல்லாம் குற்றிழை இருந்ததால் நெடுங்காலம் இதைப் பாரமீசியத்தோடு சேர்த்திருந்தார்கள். ஆனால் பாரமீசியத்துக்குப் பெரியதும் சிறியதுமாக இருவகை உட்கரு. இதன் உட்கருக்களோ ஒரே வகை. செல்லின் நுண்ணமைப்பையும் மரபணுவையும் பார்த்த பிறகு டயட்டம், பழுப்புக் கடற்பாசி ஆகியவற்றின் பெருங்கூட்டத்துக்குப் போய்விட்டது.

சீடன்: அப்படியானால் அண்டார்க்டிகா வழி என்பதும் தவறா?

குரு: இல்லை. அது சரிதான். சிலியின் தலைக்கவசத் தவளைக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவினங்கள் ஆஸ்திரேலியத் தவளைகளே என்று மரபணு காட்டுகிறது. அதே சிலித் தவளைக் குடும்பத்தின் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுப் பழமையான எலும்பு அண்டார்க்டிகாவின் சீமோர் தீவில் கிடைத்ததாக 2020-ல் அறிவித்தார்கள். ஆனால் முடிவு சரியாக அமைந்ததை வைத்து ஸெல்லெரியெல்லாவுக்கு நம்பகம் தரக் கூடாது. இரு கண்டங்களின் ஸெல்லெரியெல்லாக்களையும் மரபணுவால் ஒப்பிட்டு, அவை உண்மையில் ஒரே கிளை என்று காட்டினால் மட்டுமே மெட்காஃபின் சான்று சான்றாகும்.