முதுகில் எழுதிய பெயர்கள்

கல் பேசாது என்பது பகுத்தறிவு. ஆனால் கல்லைப் பேச வைப்பவன் மனிதன். எதைச் சொல்லவேண்டும், எதை விழுங்கவேண்டும் என்று அதற்குக் கட்டளையிடுபவனும் அவனே! அந்தக் கல்லைப் படம் பிடிப்பவனுக்கும் அதில் பொறுப்பு உண்டா, தோழர்களே?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'காமன்' என்றொரு பூங்கா. 1634 முதல் ஊர்ப் பொதுநிலம். ஒரு காலத்தில் மாடு மேய்ந்த மந்தைவெளி. போர்களில் மாண்ட மாநிலத்து வீரர்களுக்காக, ஆளுக்கொரு தேசியக் கொடியாக, 37,000-க்கும் மேற்பட்ட கொடிகளை மே மாத இறுதியில் அங்கே நடும் வழக்கம் 2010-இல் தொடங்கியது. கண்கொள்ளாக் காட்சிதான். படமெடுப்போர்க்குக் குறைவிராது.

அப்பூங்காவின் விளிம்பிலே ஒரு வெண்கலச் சிற்பம். குதிரைமீது வெள்ளையரான கர்னல் ராபர்ட் ஷா. கால்நடையாய்க் கறுப்பின வீரர்கள், 54-ஆம் மாசசூசெட்ஸ் படையினர். உள்நாட்டுப் போரிலே மாதம் 13 டாலர் என்று சொல்லி அழைத்தவர்கள், தோல் கறுப்பென்பதால் 10 டாலரை நீட்டினர். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம்! குறைந்த கூலி வேண்டாம் என்று மறுத்து, கூலியே பெறாமல் போரிட்டனர் அவ்வீரர்கள். 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டையின் முன் ஷாவும் வீழ்ந்தார், வீரர் பலரும் வீழ்ந்தனர். இழிவு செய்வதாக எண்ணி, அவரைக் கறுப்பரோடு ஒரே குழியில் புதைத்தான் எதிரி. மகன் அங்கேயே கிடக்கட்டும் என்றார் தந்தை. குழியிலே சமத்துவம் வந்துவிட்டது!

கல்லிலே வரவில்லை. 1897-இல் சிற்பம் திறக்கப்பட்டபோது, பின்புறத்தில் மாண்ட வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. மாண்ட கறுப்பு வீரர்களின் பெயர்கள் ஏறியது 1982-இல். 85 ஆண்டுகள்!

சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ்மீது பழி சுமத்தேன். கறுப்பு மனிதர்களை எதிரே இருத்தி, ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனி முகம் வடித்தவர் அவர். முகம் கிடைத்தது, பெயர்தான் கிடைக்கவில்லை.

நான் பார்த்த படங்களில் பெரும்பாலானவை முன்புறத்தையே காட்டுகின்றன. அழகு அங்கேதானே இருக்கிறது என்பர். மெய்தான்; எந்தப் படமும் பொய் சொல்லவில்லை. ஆனால் இல்லாத பெயரைக் கருவி எப்படிப் பிடிக்கும்? "ஏன் இல்லை?" என்று கேட்கக் கருவிக்குப் பின்னால் நிற்பவனால்தான் முடியும். அவன் குதிரையைச் சுற்றிப் பின்னே போனால்தானே அக்கேள்வி எழும்?

கொடியைப் படமெடுப்போர்க்கும் ஒரு சொல். வாக்னர் கோட்டையிலே குண்டுக் காயங்களோடு தவழ்ந்து, கொடியைத் தரையில் விழாமல் காத்தவர் அப்படையின் வில்லியம் கார்னி, அடிமையாகப் பிறந்தவர். நாட்டின் உயரிய வீரப் பதக்கம் அவர் கைக்கு வந்தது 1900-இல்.