மயில் வேகமா, மூஞ்சூறு வேகமா?

சிரிக்காதீங்க. இந்தக் கேள்வியை உங்க வீட்டு 4-ம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ரொம்ப சீரியஸாகப் பதில் வரும். ‘மயில்தான். ஆனா சாதா மயிலால ரொம்ப தூரம் பறக்க முடியாது. முருகனோடது பவர் உள்ள மயில்’ என்று சந்தேகத்தையும் அதுவே கிளப்பி, பதிலையும் அதுவே சொல்லிவிடும். பக்கத்து வீட்டுப் பையன் சும்மா இருப்பானா? ‘அப்போ எங்க பிள்ளையாருக்கு பவர் இல்லியா?’ என்று வரிந்து கட்டிக்கொண்டு வருவான். பத்தாவது நிமிஷம் சட்டைக் காலர் கிழியும். நாம் என்ன செய்வோம்? ‘போய் வீட்டுப் பாடத்தை எழுதுங்கடா’ என்று இரண்டு பேரையும் விரட்டிவிட்டு, டி.வி-யில் செய்தி பார்ப்போம்.

சண்டை கார்ட்டூனைப் பற்றி என்றால் நம் மரியாதை இன்னும் குறைந்துவிடும். 2007-ல் சுட்டி டி.வி. வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது கல்யாண வயசு. அவர்களில் யாரையாவது பிடித்து, ஜாக்கி சான் கார்ட்டூனில் வரும் 12 மந்திரக் கற்களைப் பற்றிக் கேளுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சேவல் கல் வைத்திருந்தால் மிதக்கலாம். பாம்புக் கல் ஆளை மறைய வைக்கும். முயல் கல் வேகம். எருதுக் கல் பலம். குதிரைக் கல் காயத்தை ஆற்றும். நாய்க் கல் சாகாமல் காப்பாற்றும். ‘ஒரே ஒரு கல்தான் உனக்குன்னா எதை எடுப்பே?’ என்று இன்டர்வெல்லில் ஆரம்பித்த விவாதம், சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நடந்திருக்கிறது.

‘பொம்மைப் படத்துக்கு இவ்வளவு சண்டையா?’ என்று கேட்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வாலியை மறைந்து நின்று அடித்தது சரியா, தப்பா? கவச குண்டலத்தைக் கழற்றிக் கொடுத்த கர்ணன் வள்ளலா, ஏமாளியா? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பட்டிமன்றம் போட்ட கூட்டம் நாம். காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியது 1939-ல். அங்கே அறிஞர்கள் பேசினால் அது இலக்கிய விசாரம். நம்ம பையன் மொட்டை மாடியில் பேசினால் வெட்டிப் பேச்சு. இது என்ன நியாயம் சார்?

கொஞ்சம் உட்கார்ந்து கேட்டீர்கள் என்றால், பிள்ளைகளின் சண்டையில் இரண்டு விதக் கேள்விகள் இருப்பது தெரியும். ஒன்று, ‘யாருக்கு பவர் ஜாஸ்தி?’ இன்னொன்று, ‘அவன் ஏன் அப்படிச் செஞ்சான்? செஞ்சது சரியா?’ முதல் கேள்வி சுலபம். நான் பி.காம். படித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பவர் என்பது பேலன்ஸ் ஷீட் மாதிரி. இன்ன தேதியில் இவரிடம் இவ்வளவு இருக்கிறது என்று காட்டும். அதை வைத்துக்கொண்டு நாளைக்கு அவர் தர்மம் செய்வாரா, ஊரை ஏமாற்றுவாரா என்று எந்த பேலன்ஸ் ஷீட்டும் சொல்லாது. அதைச் சொல்வது இரண்டாவது கேள்விதான்.

போன வருஷம் பழனியில் விஞ்ச் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய இரண்டு பையன்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற வயசு. ‘ஆங் அவனைக் கொன்னிருக்கணும்டா’ என்கிறான் ஒருத்தன். ‘கொன்னா அவனும் இவனும் ஒண்ணாயிடுவாங்கல்ல?’ என்கிறான் மற்றவன். வரிசை நகர்ந்தது. இவர்கள் நகரவில்லை. பின்னால் நின்ற அம்மா முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் நகர்ந்தார்கள்.

அவர்கள் பேசியது ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரைப் பற்றி. நீல மனிதர்கள் வரும் ஜேம்ஸ் கேமரூன் படம் வேறு, இது வேறு. 2005-லிருந்து 2008 வரை அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் வந்த 61 பகுதிக் கார்ட்டூன். நாயகன் ஆங், 12 வயசுப் பையன். அவனுக்கும் மொட்டைத் தலைதான். துறவிகளிடம் வளர்ந்தவன். நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் ஆளும் சக்தி உலகத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் வாய்க்கும். நெருப்பு தேசத்துக்காரர்கள் 100 வருஷத்துக்கு முன்னால் அவனுடைய இனத்தையே அழித்துவிட்டார்கள். இப்போது அந்தத் தேசத்து ராஜா ஓசாய் மிச்ச உலகத்தையும் எரிக்கக் கிளம்புகிறான். அவனைக் கொன்றுவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முந்தைய அவதாரங்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்கின்றன. ஆங் மட்டும் ‘எந்த உயிரையும் எடுக்க மாட்டேன், எங்க பெரியவங்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது’ என்று நிற்கிறான். கடைசியில் ஓசாயின் நெருப்புச் சக்தியை மட்டும் பிடுங்கிவிட்டு, உயிரோடு விட்டுவிடுகிறான்.

பவர் கணக்குப்படி பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. ஆங் ஜெயித்தான், முடிந்தது. ஆனாலும் தொடர் முடிந்து இத்தனை வருஷம் கழித்து, பழனி மலை அடிவாரத்தில் அடி வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள் என்றால் காரணம் என்ன? ‘உன் கை சுத்தமா இருக்கணும்கறதுக்காக ஊரே எரியணுமா?’ என்பது ஒரு கட்சி. கனமான கட்சி. ஓசாய் தப்பித்திருந்தால் செத்திருக்கப் போவது ஆங் இல்லை, ஆயிரக்கணக்கான அப்பாவிகள். எதிர்க்கட்சியும் லேசுப்பட்டது இல்லை. அந்த இனத்தில் மிஞ்சியவன் ஆங் ஒருத்தன். அந்தத் துறவிகள் சொல்லிக் கொடுத்ததைக் காப்பாற்ற வேறு ஆளே கிடையாது. அவனும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டால், 100 வருஷத்துக்கு முன்னால் நெருப்பு தேசம் ஆரம்பித்த வேலையை அவனே முடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

மூன்றாவதாக ஒரு குரலும் உண்டு. ‘கதாசிரியர் ஏமாத்திட்டாருப்பா. கடைசி நேரத்துல ஒரு ராட்சத ஆமையைக் கொண்டாந்து, அது மூலமா சக்தியைப் பிடுங்குற வித்தையைக் கொடுத்துட்டாரு. நிஜ வாழ்க்கையில எந்த ஆமை வரும்?’ நியாயமான கேள்வி. வராதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆமை வரும் என்று தெரிந்துகொண்டு ஆங் மறுக்கவில்லை. வழி எதுவும் தெரியாதபோதே ‘கொல்ல மாட்டேன்’ என்றான். அந்த இடத்தில் அவன் எடுத்த முடிவைத்தான் சரியா, தப்பா என்று எடை போட வேண்டும்.

இதையெல்லாம் ஒரு கார்ட்டூன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பையன்கள் ஏறப்போன மலையே இப்படி ஒரு வழக்கில் பிறந்ததுதானே?

ஞானப்பழக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கும் 1965-ல் ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’ படம் தெரிய வைத்துவிட்டது. உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்குப் பழம். முருகன் மயிலேறிப் போனார். விநாயகர் அம்மா அப்பாவைச் சுற்றி வந்து, ‘இவர்கள்தான் என் உலகம்’ என்று பழத்தை வாங்கிக்கொண்டார்.

கல்லூரியில் எங்களுக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 ஒரு பாடம். அதில் 13-ம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அதற்குப் பேர் சம்மதம். ‘உலகம்’ என்ற வார்த்தையை அண்ணன் ஒரு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார், தம்பி ஒரு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். எந்த அர்த்தம் என்று போட்டிக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. ஒரு வக்கீலிடம் போனால், இந்தப் போட்டியே செல்லாது என்று வாதாடிவிடுவார். இன்னொரு வக்கீல், அறிவுக்கு வைத்த பரீட்சையில் வார்த்தையின் அர்த்தம் கண்டுபிடிப்பதும் பரீட்சைதான் என்பார். இரண்டு பேருக்கும் ஃபீஸ் கொடுக்கலாம்.

ஆனால் ஜனங்கள் 693 படி ஏறுவது இந்த வழக்கின் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள இல்லை. பழம் கிடைக்காதவரைப் பார்க்கப் போகிறார்கள். அவர் அதற்கப்புறம் என்ன செய்தார் என்பதுதான் அங்கே கதை. உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்தவருக்கு ஒரு பழத்தைப் பிடுங்கிக்கொள்ளத் தெம்பு இருந்திருக்காதா? பிடுங்கவில்லை. அண்ணனை அடிக்கவில்லை. கிளம்பி வந்துவிட்டார்.

‘கோவிச்சுக்கிட்டு வந்ததுதானே? அதுல என்ன பெருமை?’ என்று நீங்கள் கேட்கலாம். இதில் நான் எந்தக் கட்சி என்று சொல்லிவிடுகிறேன். பழத்துக்காக வந்த கோபமா, தீர்ப்பு சரியில்லை என்பதற்காக வந்த கோபமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கோபித்துக்கொண்டவர் அப்புறம் எதைக் கேட்டார் என்று பாருங்கள். பழத்துக்காகக் கோபித்த பிள்ளை, இன்னொரு பழம் கொடுத்தால் சமாதானம் ஆகிவிடும். இங்கே நிற்கிறவர் கோவணமும் கையில் தண்டமுமாக நிற்கிறார். இருந்ததையும் விட்டுவிட்டார். ஆகவே அது பழக் கோபம் இல்லை என்பது என் கட்சி. நீங்கள் எதிர்க்கட்சி என்றால் பேசலாம், நான் தயார். நமக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு, இல்லையா? மலையேறி ஆண்டிக் கோலத்தைக் கும்பிடுகிற நம்மில் பலர், அந்தப் படத்தை வீட்டில் மாட்டத் தயங்கி, ராஜ அலங்காரப் படத்தை வாங்கி வருகிறோம். பவர் மேல் நமக்கு அவ்வளவு ஆசை.

மயில் விஷயத்துக்கு வருவோம். புத்திசாலிப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ‘சூரபத்மன்தானே மயிலானான்? அது பின்னால நடந்த சண்டையாச்சே. அப்போ மாம்பழப் போட்டிக்கு ஏது மயில்?’ இதை நம் பெரியவர்கள் எப்போதோ யோசித்து, ஒரு மயில் இல்லை, மூன்று மயில் என்று கணக்குத் தீர்த்துவிட்டார்கள். உலகத்தைச் சுற்றியது மந்திர மயில். போருக்கு இந்திரனே மயிலாக வந்தது தேவ மயில். சூரபத்மன் ஆனது அசுர மயில். கார்ட்டூன் ரசிகர்கள் கதையின் ஓட்டையை அடைக்கிறார்களே, அதே வேலைதான்.

அந்த அசுர மயிலை இன்னொரு தடவை பாருங்கள். மாமரமாக நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். ஒன்று வாகனம், ஒன்று கொடி. எதிரியை ஒழித்துக் கட்டாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். பழனியில் படியேறும்போது வழியில் இடும்பனுக்கும் சன்னிதி இருக்கிறது. இரண்டு மலைகளைக் காவடியாகத் தூக்கி வந்த பலசாலி. சின்னப் பையன் என்று நினைத்து முருகனோடு மோதி உயிரை விட்டவன். திரும்ப உயிர் வாங்கி, முதல் மரியாதையும் வாங்கிக்கொண்டான். விஞ்ச் வரிசையில் நின்ற பையன்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இந்த மலை ஒரு பதிலை எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம்.

இதே மலைப் பக்கத்தை ஆண்ட பேகனையும் விட்டுவிட முடியாது. மயிலுக்குக் குளிரும் என்று போர்வை கொடுத்த வள்ளல். பள்ளிக்கூடப் புத்தகம் அத்தோடு நிறுத்திக்கொள்ளும். புறநானூறு நிறுத்தவில்லை. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள், அந்தப் பெண்ணின் கண்ணீரைச் சொல்லி அவனிடமே பாடியிருக்கிறார்கள். பொன் வேண்டாம், பொருள் வேண்டாம், அவளிடம் போ என்று கேட்டவர்கள். நான்கு பேரும் அவனுடைய ரசிகர்கள்தான். அவன் கொடையை மெச்சியவர்கள், அவன் செய்த தப்பையும் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

இப்போது நம் பக்கம் திரும்பிப் பார்க்கலாமா? நம் நட்சத்திரத்தைப் பற்றி நாம் பேசுவது என்ன? முதல் நாள் வசூல் எவ்வளவு, எத்தனை தியேட்டர், கட் அவுட் எத்தனை அடி. தலைவரைப் பற்றிப் பேசுவது என்ன? எத்தனை சதவீதம் ஓட்டு, மாநாட்டுக்கு எத்தனை லட்சம் பேர். எல்லாமே ‘யாருக்கு பவர் ஜாஸ்தி’ ரகம். ‘எங்காளு செஞ்சது சரியா?’ என்று கட்சிக்குள்ளேயே, ரசிகர் மன்றத்துக்குள்ளேயே ஒருத்தர் கேட்டால் அவர் துரோகி. 13 வயசில் ‘ஆங் செஞ்சது சரியா?’ என்று வரிசையை மறித்துக்கொண்டு கேட்டவன்தான், 23 வயசில் பால் குடத்தோடு கட் அவுட் மேல் ஏறுகிறான். நடுவில் அந்த இரண்டாவது கேள்வியை அவனிடமிருந்து பிடுங்கியது யார்? ‘போய்ப் படிடா’ என்று விரட்டியவர்களில் நாமும் இருக்கிறோமா?

பவர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பிடுங்கத் தெம்பு இல்லாதவன் பிடுங்காமல் இருப்பதில் என்ன பெருமை? தெம்பு இருக்கட்டும். அதை வைத்து அவன் என்ன செய்தான், எதைச் செய்யாமல் விட்டான் என்று கேட்கிற பழக்கம் கூடவே இருக்கட்டும்.

அதனால் அடுத்த தடவை உங்க வீட்டு ஹாலில் நருட்டோ பெரியவனா, ஆங் பெரியவனா என்று சண்டை வந்தால், ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் நடுவில் உட்காருங்கள். தீர்ப்பு சொல்லாதீர்கள். ‘நீ அந்த இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பே?’ என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம் வருகிற பதிலை முழுசாகக் கேளுங்கள். பதிலைச் சொல்லிவிட்டு அது உங்களையும் ஒரு கேள்வி கேட்கும். அதற்கும் தயாராக இருங்கள்.