உணர்விழந்த கை

தொழுநோயைப் பாவத்தின் கூலி என்று கூறி, நோயுற்றாரை ஊருக்கு வெளியே ஒதுக்கியது உலகம். நம் நாட்டிலும் 1930-இல் சுங்கை பூலோவில் அவர்களுக்கெனத் தனிக் குடியிருப்பு எழுந்தது.

இயேசு பெருமானோ அத்தகையோரைத் தொட்டார் என்கிறது விவிலியம். அவ்வழி நின்ற மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, ஒதுக்கப்பட்டோர் கைகளைத் தம் கைகளில் ஏந்தி ஆராய்ந்தார். விரல்கள் தாமே அழுகுவதில்லை. வலி உணராமையால், கவனிக்கப்படாத காயங்கள் முற்றியே சிதைகின்றன என்று கண்டார். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார்.

பாவம் என்னும் தீர்ப்பு விலகி நின்றோர் தந்தது. உண்மை தொட்டவர்க்கே புலனாயிற்று. மெய்யாகவே பிழை செய்தாரையும் அணுகாமல் திருத்த இயலுமோ? தன் விரல் எரிவதை அறியாத கை நோயுற்றது. தன் மக்கள் துன்பத்தை அறியாத சமுதாயமும் அவ்வாறே.