நெய்தவர் முகம்



முகூர்த்த மாதத்தில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். எந்தக் கடையில் ஏறினாலும் அதே அரக்கு, அதே மயில்கழுத்து, அதே மாம்பழ மஞ்சள். 'ஒரிஜினல் பட்டு' என்று போர்டு வைக்காத கடை கிடையாது. இதில் ஒருவர் தனித்துத் தெரிய என்ன செய்வது? நடிகையை வைத்து விளம்பரம் எடுக்கலாம். அது பெரிய முதலாளிக்குத்தான் கட்டுப்படியாகும்.

1935-இல் தொடங்கிய கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் வேறொன்று செய்தது. உ. சகாயம் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், பட்டுப்புடவையோடு ஒரு அட்டையைச் சேர்த்து வைத்தார்கள். நெய்தவரின் போட்டோ, அவர் பெயர், நெய்ய எத்தனை நாள் ஆனது என்ற விவரம். அவ்வளவுதான். புடவை விலையோடு பார்த்தால் அந்த அட்டைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த முகத்தையும் நாள் கணக்கையும் பார்த்துவிட்டு, 'ஐந்நூறு குறைச்சுக்கோங்க' என்று கேட்க யாருக்கும் சட்டென்று வாய் வராது. தள்ளுபடி போர்டைவிட இந்த அட்டைக்குத்தான் என் ஓட்டு.

அட்டை மட்டும் போதாது, சரக்கும் பேச வேண்டும். கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தறியில் மூன்று நாடா ஓடும். நெசவாளருக்குத் துணையாகக் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். (பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகள் அந்த இடத்தில் உட்கார்ந்த காலமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வேலை மெதுவாகத்தான் நகரும். அதனால்தான் பலர் கோர்வையை விட்டுவிட்டார்கள். விடாதவர்களைத் தேடி இன்றும் ஆள் வருகிறது.

சரக்கு தானே பேசும் என்பதற்கு இதே ஊரின் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியும் ஒரு சாட்சி. அரிசி, உளுந்து எல்லோர் வீட்டிலும்தான் இருக்கிறது. அதில் சுக்கும் மிளகும் சீரகமும் நெய்யும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைத்தார்கள். காஞ்சிபுரம் இட்லி என்று ஊர்ப்பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தக் குறியீடு ஊரைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஆகவே பட்டு எடுக்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், 'யார் நெய்தது, எத்தனை நாள் ஆச்சு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடை வைத்திருப்பவர்களே, அந்தக் கேள்விக்குப் பதிலாக நீட்ட ஒரு அட்டையை இந்த வாரமே அச்சடித்து வையுங்கள்.