மகிழுந்தும் மனச்சான்றும்

அழகிய பொருள் ஒன்றை நேர்மையாக ஈட்டிய பணத்தில் வாங்கி வைத்துக்கொள்வதில் தவறு உண்டா? பட்டுப் புடவையைப் பற்றியும் தங்கச் சங்கிலியைப் பற்றியும் இக்கேள்வியை நாம் எழுப்புவதில்லை. விலையுயர்ந்த மகிழுந்து என்றவுடன் மட்டும் நமக்குள் ஒரு நீதிபதி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் தீர்ப்பில் எவ்வளவு நீதி, எவ்வளவு பொறாமை என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

அம்பத்தூர் வாசிகளான நமக்கு இது எங்கோ வாழும் செல்வர்களின் சிக்கல் அன்று. பாடியில் தொடங்கி, அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து செல்லும் நமது சாலை போய்ச் சேரும் திருவள்ளூருக்கு அருகில், 1998ஆம் ஆண்டில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு இணைந்து லான்சர் மகிழுந்தைத் தயாரிக்கத் தொடங்கியது. அம்பாசடருக்கும் மாருதிக்கும் பழகிய கண்களுக்கு அது வேற்றுலக விருந்தாளியாகத் தெரிந்தது. லான்சர் என்னும் அதே பெயர் தாங்கிய பந்தய வண்டியில்தான் பின்லாந்து வீரர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலிப் பட்டத்தை வென்றார். நமது சாலையில் ஓடியது அதன் சாதுவான தம்பி எனலாம். 2006இல் இரண்டு லிட்டர் எஞ்சினோடு சீடியா வந்தது. பின்னர் அவ்வண்டிகளின் காலம் முடிந்தது. 2021இல் அதே ஆலையிலிருந்து பிரெஞ்சு நாட்டுச் சிட்ரோயன் வெளிவந்தது.

நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறார். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர் பழைய சீடியா ஒன்றை வாங்கிச் சீர்செய்து வைத்திருக்கிறார். "ஃபாதர், கதவைச் சாத்தும்போது வருகிற சத்தத்தைக் கேளுங்கள். பொருத்தியவனுடைய கை அதில் தெரிகிறது" என்றார். நாளெல்லாம் நூறில் ஒரு மில்லிமீட்டருக்காகக் கண்ணைச் சுருக்கி நிற்பவர் சொல்லும் சொல் அது. அதை ஆடம்பரம் என்று ஒதுக்க நம்மால் இயலவில்லை. டொயோட்டா நிறுவனம் 1983இல் திட்டமிடத் தொடங்கி 1989இல் வெளியிட்ட முதல் லெக்சஸின் விளம்பரத்தில், எஞ்சின் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, வண்டியின் முகப்பின்மேல் கோபுரமாக அடுக்கிய கண்ணாடிக் கோப்பைகள் குலையாமல் நின்றன. அதில் வணிகத் தந்திரம் இருந்தது; மனித உழைப்பின் மாண்பும் இருந்தது. செய்தவனை மதிக்கிறவன் செய்யப்பட்ட பொருளையும் பேணுவான்.

ஆயினும் உடைமை வேறு, பயன்பாடு வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துத் தந்தவர் புனித தாமஸ் அக்குவினாஸ். பொருளை ஈட்டவும் நிர்வகிக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு; பயன்படுத்தும்போதோ, அது தனக்கு மட்டுமே உரியது என்று அவன் எண்ணலாகாது; தேவையில் இருப்பவனோடு பகிர ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒருவன் தன் வாழ்நிலைக்கு ஏற்ப வாழத் தேவையானதைக் குறைத்துக்கொண்டு பிறருக்கு ஈய வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் அந்த 'ஏற்ற அளவு' ஒரே புள்ளியில் நிற்பதன்று. சற்றுக் கூட்டினாலும் மிகையாகாது, சற்றுக் குறைத்தாலும் போதாமற்போகாது என்றும் அவர் கூறுகிறார். நமது சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வாழ்நிலையை நாம் எதைக்கொண்டு அளக்கிறோம்? பெரும்பாலும் அண்டை வீட்டு வாசலைக்கொண்டு. ஸ்கூட்டர் வைத்திருந்த நாளில் சிறிய கார் ஆடம்பரமாகத் தெரிந்தது. அது வந்தபின் பெரிய கார் தேவையாகிவிட்டது. தவணை முடிவதற்குள் அடுத்த தவணை தொடங்குகிறது. எந்தப் படியில் நின்று 'போதும்' என்பது? கணக்குப் புத்தகம் இதற்கு விடை சொல்லாது.

ஓட்டுவதில் உள்ள கேள்வி இன்னும் கூர்மையானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடுகிறது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. வண்டிக்குள் இருப்பவருக்குக் காற்றுப்பை உண்டு. மிதிவண்டியில் ஷிப்டுக்குப் போகிறவருக்கு என்ன உண்டு? வேகத்தின் இன்பம் ஒருவருக்கு, அதன் ஆபத்து மற்றவருக்கு என்றால், அது பிறர் பொருளை எடுத்துச் செலவழிப்பதற்கு ஒப்பாகும். வத்திக்கான் 2007ஆம் ஆண்டில் சாலைப் பயணத்துக்கென ஒரு மேய்ப்புப்பணி வழிகாட்டியையே வெளியிட்டது. வாகனம் அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகக் கூடாது என்பது அதில் ஓட்டுநர்களுக்குத் தந்த பத்துக் கட்டளைகளுள் ஒன்று. சிலர் அதைக் கேட்டு நகைத்தார்கள். மாலை ஆறு மணிக்கு நமது சாலையில் நின்று பார்த்தவர்கள் நகைக்கமாட்டார்கள்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்தபோது, அவர் பயன்படுத்திய அமெரிக்க லிங்கன் மகிழுந்தைப் புறப்படும்போது அன்னை தெரேசாவுக்கு வழங்கிச் சென்றார். அன்னை அதைப் பரிசுச் சீட்டுக் குலுக்கலில் விட்டு, திரண்ட தொகையைத் தொழுநோயாளர் பணிக்கு ஆக்கினார். இந்நிகழ்ச்சியை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் யாரும் சுட்டாத ஒன்று உண்டு. அந்த வண்டிமீது ஆசைகொண்டு சீட்டு வாங்கியவர்கள் இல்லாவிட்டால் அப்பணம் திரண்டிராது. மனிதரின் ஆசையைக்கூட அந்த அம்மையார் வேலை வாங்கிவிட்டார்!

பட்டறை அன்பர் ஒருநாள், "நான் இதை வைத்திருப்பது பாவமா, ஃபாதர்?" என்று நேராகவே கேட்டார். வண்டியைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் வேலை செய்யும் பன்னிருவருக்கும் செலுத்த வேண்டியவை எல்லாம் செலுத்தப்படுகின்றனவா என்று மட்டும் வினவினோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். கூலி ஏழாம் தேதி தவறுவதில்லை. ஆனால் இருவர் பெயர் மட்டும் ஈ.எஸ்.ஐ. பதிவில் இன்னும் ஏறவில்லை என்றார். இருவரும் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள். கேட்க ஆளில்லை என்பதைத் தவிர வேறு காரணம் அவருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் அவ்விருவரின் அட்டைகளையும் கொண்டுவந்து காட்டினார். வண்டியை அவர் விற்கவில்லை. விற்கச் சொல்ல நமக்கும் மனம் வரவில்லை.