ஃபேனை நிறுத்து, குரலை நிறுத்தாதே!

ராஜகுளத்துத் தங்கச்சி, நேற்று ராத்திரி செல்போனில் ஒரு கதை பேசிப் பதிந்தாய். போட்டுக் கேட்டாய். ஃபேன் இரைச்சல், தெருநாய்க் குரைப்பு, தூரத்தில் டிராக்டர். நடுவில் எங்கோ உன் குரல். "என் குரலே சரியில்லை" என்று அழித்துவிட்டாய். பொய்! இரைச்சல் செய்த குற்றத்துக்குக் குரலைத் தூக்கில் போட்டிருக்கிறாய். இப்படித்தான் எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஸ்டுடியோ இல்லையா? வீட்டில் மெத்தை இருக்கிறதா, கனத்த போர்வை இருக்கிறதா? சுற்றி நிறுத்து, தொங்கவிடு. வெறுஞ்சுவரில் மோதித் திரும்பும் ஒலியைத் துணி விழுங்கிவிடும். ஃபேனை அணை. வியர்க்கட்டும்! மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வை. ஒரு சாண் இரண்டு சாணானாலே குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். அறையின் இரைச்சல் அப்படியே நிற்கும். கூச்சத்தில் தள்ளி நிற்பவளின் குரலைத்தான் இரைச்சல் முதலில் தின்னும். கிட்டே வா!

பேசுமுன் பத்து விநாடி சும்மா இரு. அந்த வெற்று ஒலியைக் காட்டி, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிடம் "இதுதான் இரைச்சல், எடு" என்று சொல்லலாம். அளவோடு எடு. ஒட்ட வழித்தால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். அது உன் ஊர்.

அதற்குப் பிறகுதான் கம்ப்ரஷன். வரிசையை மாற்றாதே. உரத்த இடங்களை அது அமுக்கும். பிறகு மொத்தத்தையும் தூக்குவோம். களை எடுக்காமல் உரம் போட்டால் களையும் சேர்ந்துதானே வளரும்? விகிதத்தை 3:1 என்று வை. நீ குறித்த எல்லையை 9 டெசிபல் தாண்டிய சத்தம் 3 டெசிபலாக அடங்கும். உன் முணுமுணுப்பும் ஆவேசமும் ஒரே காதில் வசதியாக உட்காரும்.

ரே டால்பியைத் தெரியுமா? 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக நம் நாட்டில் இருந்தவர். 1965-இல் லண்டனில் டால்பி லேபரட்டரீஸைத் தொடங்கினார். ஒலிநாடாவின் 'ஸ்ஸ்' என்ற சீறலை எப்படி அடக்கினார்? மெல்லிய ஒலியைத் தூக்கிப் பதிந்தார். கேட்கும்போது அதே அளவு இறக்கினார். கூடவே சீறலும் இறங்கிப்போனது. 1966-இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அந்த உத்தியை முதல் ஆளாக வாங்கியது. மெல்லிய குரலைக் கைகொடுத்துத் தூக்கியவன் உலகத்தின் காதையே பிடித்தான்!

அவ்வளவு தூரம் எதற்கு? உத்திரமேரூர்க் கோயில் சுவரைப் போய்ப் பார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகள். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் குடத்திலிருந்து பெயர் எழுதிய ஓலையை எடுக்கவேண்டும். மத்தியஸ்தர் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்கவேண்டும். மண்டபத்தில் இருந்த நம்பிமாரும், அதாவது அர்ச்சகர்களும், அதை வாசிக்கவேண்டும். குடத்துக்குள் கிடந்தவரை அது வெறும் ஓலை. சபையின் காதில் விழுந்த பிறகுதான் அந்தப் பெயருக்குப் பொறுப்பும் பதவியும்.

நீ இன்னும் எத்தனை நாள் குடத்துக்குள் கிடக்கப் போகிறாய்?

இன்று ராத்திரி மறுபடி உட்கார். ஃபேனை அணை. பத்து விநாடி மௌனம். பிறகு, முதல் சொல்லாக உன் பெயரைச் சொல். சபைக்குக் கேட்கட்டும்!