மின்னொளியும் ஓய்வும்

உடலுழைப்பைக் குறைக்குங் கருவி மனிதனை நல்வழிப்படுத்துமா, சோம்பனாக்குமா என்னும் வினா ஆசிரியர் கூடுமிடங்களில் அடிக்கடி எழுகின்றது. இதனைப் பொதுவகையால் விவகரித்தாற் பயன் சிறிது. மின்சாரம் முன்னதாகவே வீடுகளிற் புகுந்த அமெரிக்க தேசத்தின் சரித்திரத்தை உரைகல்லாக வைத்து நோக்குவாம்.

1882ஆம் ஆண்டு செப்டெம்பர் மாசம் 4ஆந் தேதி, நியூயோர்க் நகரத்துப் பேள் வீதியில் எடிசன் நிறுவிய மின்னிலையம் தொழிற்படத் தொடங்கிற்று. அன்று ஒளிவிட்டவை ஏறக்குறைய 400 விளக்குகளே. அவற்றுட் சில மோர்கன் என்னும் பெருஞ்செல்வரின் காரியாலயத்தில் எரிந்தன. ஒளி முதலிற் சென்றது பணம் எண்ணுமிடத்துக்கு. இதிற் புதுமை யாதுமில்லை. வாயுவிளக்கின் வெப்பமும், நாற்றமும், முகட்டிற் படியுங் கரியும் மெல்ல நீங்கின. ஐம்பதாண்டுகளுள் நகரத்து வீடுகளிற் பெரும்பாலானவை மின்சாரம் பெற்றன. விளக்கின் பின்னே மின்னழுத்தியும், துணி தோய்க்கும் பொறியும், தூசு உறிஞ்சும் பொறியும் வந்தன.

இவற்றால் இல்லாளுக்கு ஓய்வு கிடைத்ததா? கிடைத்திருக்கும் என்றே எவருங் கருதுவர். ஆயின், ஜோஆன் வானெக் என்னும் அம்மையார் 1974இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு கூறுகின்றது. புறத்தே தொழில் செய்யாத இல்லத்தரசியர் 1924இல் வீட்டுவேலைக்குச் செலவிட்டது வாரத்துக்கு ஏறக்குறைய 52 மணித்தியாலம். 1960களிலோ 55 மணித்தியாலம். ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் சரித்திர ஆசிரியை 1983இல் எழுதிய நூலிற் காரணங் காட்டினார். விறகு பிளத்தல், நிலக்கரி சுமத்தல் முதலிய, ஆடவரும் பிள்ளைகளுஞ் செய்த வேலைகள் ஒழிந்தன. கூலிக்குத் தோய்ப்போரிடம் சென்ற துணியோ வீட்டுக்கே திரும்பிற்று. உடையை மாற்றுவதும் முன்னையினும் அடிக்கடி ஆயிற்று. ஆகவே ஓய்வு வாராமலில்லை. வந்த ஓய்வு தந்தைக்கும் மைந்தனுக்குஞ் சென்றது.

இதனைக் கேட்டவுடன், பழைய வாழ்வே நன்று என்று பிரசங்கிக்க எழுவார் நம்முள்ளும் உளர். அவர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். 1930களின் நடுவில் அந்நாட்டு நகர வீடுகளிற் பத்தில் ஒன்பது மின்சாரம் பெற்றிருக்க, கமக்காரர் வீடுகளிற் பத்தில் ஒன்றே பெற்றிருந்தது. இலாபங் காணாவிடத்துக் கம்பனிகள் கம்பி இழுத்தில. 1935இல் சனாதிபதி ரூஸ்வெல்ற் கிராம மின்சாரத்துக்கென ஒரு நிருவாகத்தை ஏற்படுத்தினார். மறுவருடம் சட்டமும் நிறைவேறியது. கமக்காரர் கூட்டுறவுச் சங்கங் கூடிக் கடன்பெற்றுத் தாமே கம்பி இழுத்தனர். டெக்சாஸ் மாகாணத்து மலைப்பிரதேசத்துக்கு 1939இலேதான் மின்சாரஞ் சென்றது. அதற்கு முன் அங்குள்ள பெண்கள் நீரை வாளிவாளியாக மொண்டு வீட்டுக்குச் சுமந்தனர். கோடைவெயிலிலும் விறகடுப்பை மூட்டி, அதன்மேற் காய்ச்சிய இரும்பால் உடை அழுத்தினர். முதுமை வருமுன்னே முதுகு வளைந்தவர் பலர். நீரிறைக்கும் மின்பொறி அச்சுமையை இறக்கிவைத்தது.

நகரத்து இல்லாளின் 55 மணித்தியாலத்தைக் காட்டி, இப்பெண்களுக்கு மின்சாரம் எதற்கென்று வினாவுதல் நியாயமாமோ? 'போதும்' என்னுஞ் சொல்லை உடையவன் தன்பொருட்டுச் சொல்லுக. இல்லாதவனை நோக்கிச் சொல்லுங்கால் அது துறவுபதேசமன்று, கொடுமையேயாம். விளக்கின்கீழ் அமர்ந்து எளிமையைப் புகழ்ந்து எழுதுவோர் இதனை மறக்கின்றனர். யாழ்ப்பாணத்தில் நம் பாட்டன்மார் விடியுமுன் துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீரிறைத்தவர்கள். இறைக்கும் இயந்திரம் வந்தபோது துலாவுக்காக அவருள் எவரேனும் அழுதாரென்று யாம் கேட்டிலேம்.